பெரு நாட்டு மழைக்காட்டு லாட்ஜில் கள ஆய்வு: போய்வந்தவர்கள் வழி சொல்லுங்களேன்

கொல்லிமலைக் குருவி

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பெருவின் தென்கிழக்கில் தம்போபாத்தா ஆற்றுப் பக்கம் காட்டுக்குள் இருக்கிற லாட்ஜ்களில் உயிரியல் மாணவர்களை ஆய்வுக்குச் சேர்த்துக்கொள்வார்கள் என்று சீனியர் அண்ணா ஒருவர் சொன்னார். வீட்டில் சொன்னேன். "காட்டுக்குள்ள என்னடா லாட்ஜு?" என்று அம்மா கேட்டார். அவருக்கு லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்ட் எதிரே இருப்பதுதான்.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. அங்கே போனால் உண்மையிலேயே ஆய்வு செய்ய விடுவார்களா, இல்லை சுற்றுலாப் பயணிகளுக்கு எடுபிடி வேலையா? நமக்கென்று சொந்தமாக ஒரு கேள்வி வைத்துக்கொண்டு போகலாமா? செலவும் அனுமதியும் எப்படி? சாதாரணக் குடும்பம்தான், கடன் வாங்கிப் போகிற நிலைமை இல்லை.

ஆற்றுமணல்

தம்பி, நான் 2018 நவம்பரிலிருந்து 2019 பிப்ரவரி வரை அங்கே பஞ்சவர்ணக்கிளித் திட்டத்தில் கள உதவியாளராக இருந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் இடம். புவெர்தோ மால்தொனாதோ என்ற ஊர்வரை விமானம். அங்கிருந்து கொஞ்ச தூரம் வண்டி, பிறகு இன்ஃபியெர்னோ கிராமத்துத் துறையில் நீளமான மோட்டார் படகு. கடைக்கோடியில் இருக்கும் தம்போபாத்தா ஆய்வு மையத்துக்குப் படகில் மட்டுமே ஒரு பகல் போய்விடும். அது 1989ல் கிளி ஆய்வுக்காகத் தொடங்கிய இடம், சுற்றுலா பின்னாடி வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது பெரும்பாலும் பயணிகள் கொடுக்கிற காசில்தான் ஆய்வாளர்களுக்கு உணவும் படகும் ஓடுகின்றன. அறைகளுக்குக் காட்டைப் பார்த்த பக்கம் சுவர் கிடையாது. ராத்திரி கொசுவலைக்குள் படுத்தால் ஊளைக்குரங்கு சத்தம் காதுக்குள் கேட்கும்.

சுற்றிலும் தம்போபாத்தா தேசியக் காப்பகம், 2000ல் அறிவித்தது, 2,74,690 ஹெக்டேர். அதற்குத் தெற்கே பாஹுவாஹா சோனேனே தேசியப் பூங்கா, அது பத்து லட்சம் ஹெக்டேருக்கும் மேல். நீ நிற்கிற இடத்திலிருந்து தெற்கே வெகுதூரம் ஊரே இல்லை.

உன் முதல் கேள்விக்கு: ஆய்வுதான், ஆனால் பெரும்பாலான நாள் அது எண்ணுகிற வேலை. விடிவதற்கு முன்னால் ஆற்றுத் தீவில் போய் உட்கார வேண்டும். எதிரே ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளத்துக்குச் சிவப்பு மண் கரை. அதைக் கொல்பா என்பார்கள். வெளிச்சம் வந்ததும் கிளிகள் கூட்டம் கூட்டமாக வந்து மண்ணைக் கொத்தித் தின்னும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, இனம்வாரியாக எத்தனை என்று தாளில் எழுத வேண்டும். மழை, படகு, பருந்து, எதனால் கலைந்து போயின என்பதையும் எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் இருபது வருடத்துக்கும் மேலாக யாரோ ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்து இப்படியே எழுதியிருக்கிறார். அந்தத் தாள்களிலிருந்துதான் பெரிய விஷயங்கள் வந்தன.

கிளி ஏன் மண் தின்கிறது என்பதையே எடுத்துக்கொள். பழத்திலும் விதையிலும் உள்ள நஞ்சை முறிக்கத்தான் என்று முன்பு சொன்னார்கள். 1999லிருந்து இந்தத் திட்டத்தை நடத்திவரும் டொனால்ட் பிரைட்ஸ்மித்தும் அவர் கூட்டாளிகளும் மண்ணைச் சோதித்துப் பார்த்தபோது, கிளிகள் கரை முழுவதையும் தின்னவில்லை, சோடியம் அதிகமுள்ள ஒரு அடுக்கைத் தேடிப் போய்த் தின்கின்றன என்று தெரிந்தது. அட்லாண்டிக்கிலிருந்து வருகிற மழை மேகம் அவ்வளவு நிலத்தையும் தாண்டி மேற்கு அமேசானுக்கு வருவதற்குள் கடல் உப்பெல்லாம் வழியிலேயே இறங்கிவிடுகிறது. அங்கே செடியிலும் பழத்திலும் உப்பு ரொம்பக் குறைவு. குஞ்சு வளர்க்கிற மாதங்களில் கரைக்கு வருகிற கூட்டமும் கூடுகிறது. ஐந்து நிமிடக் கணக்கு இல்லாவிட்டால் இந்தக் கடைசி வரியை யாரும் எழுதியிருக்க முடியாது.

செலவு, அனுமதி பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

பழைய வாத்தியார்

முப்பது வருடம் கல்லூரியில் பாடம் சொன்னவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. ஆய்வு நிலையம் வேறு, லாட்ஜ் வேறு. நிலையத்தில் ஆய்வுக்கூடம், தாவர மாதிரிகள், நூலகம், கேள்வி கேட்க மூத்தவர் என்று எல்லாம் இருக்கும். தம்போபாத்தா இருக்கிற அதே மாத்ரே தே தியோஸ் பகுதியில் மானு பூங்காவுக்குள் கோச்சா காஷு நிலையம் 1969லிருந்து இருக்கிறது. லோஸ் அமிகோஸ் நிலையமும் இருக்கிறது. ஆய்வென்றால் அங்கே போவதுதான் முறை. லாட்ஜில் முதலாளிக்குப் படுக்கை நிரம்ப வேண்டும். டிசம்பரில் விருந்தினர் வந்தால் உங்கள் அறையும் படகும் யாருக்குப் போகும் என்று முன்னாலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஆனைமலையில் வால்பாறைப் பக்கம் மழைக்காட்டுத் துண்டுகளில் பல வருடமாக நல்ல ஆய்வு நடக்கிறது. கர்நாடகத்து ஆகும்பேயில் 2005ல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய நிலையம் இருக்கிறது. அங்கெல்லாம் ஒரு மழைக்காலம் நனையாத பிள்ளை நேரே அமேசானுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆற்றுமணல்

வாத்தியார் ஐயா சொன்ன அறை விஷயம் முழுக்க உண்மை. எழுதி வாங்க வேண்டும். வால்பாறை விஷயமும் உண்மை. நான் அங்கே எட்டு மாதம் இருந்துவிட்டுத்தான் பெருவுக்கு விண்ணப்பித்தேன்.

ஆனால் லாட்ஜில் ஆய்வு நடக்காது என்பதை ஏற்க மாட்டேன். ஐயா, தம்போபாத்தாவிலேயே 1970களின் நடுவில் கட்டிய எக்ஸ்ப்ளோரர்ஸ் இன் என்ற லாட்ஜைப் பாருங்கள். உயிரியல் மாணவர்கள் மாதக்கணக்கில் தங்கி, பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு மீதி நேரத்தில் தங்கள் ஆய்வைச் செய்வார்கள். அந்த வேலைக்கு ஈடாகச் சாப்பாடும் தங்குமிடமும். இந்த ஏற்பாடு நெடுங்காலம் நடந்தது. அந்த ஒரு லாட்ஜின் காட்டில் மட்டும் ஏறக்குறைய 600 பறவை இனங்கள், 1,200க்கும் மேல் வண்ணத்துப்பூச்சி இனங்கள் பட்டியலில் ஏறின. தாவரவியலாளர் ஆல்வின் ஜென்ட்ரி அங்கே நிலத்தைத் துண்டு துண்டாக எல்லை குறித்து, அதிலுள்ள மரங்களை அளந்தார். அமேசான் மரங்களில் எவ்வளவு கரிமம் சேர்ந்திருக்கிறது என்று கணக்குப் பார்க்கிறவர்கள் இன்றும் அந்த மரங்களுக்கு வந்து நாடா சுற்றி அளக்கிறார்கள். மர உச்சிக்குப் புகையடித்து வண்டுகளை விழவைத்து எண்ணிய பூச்சியியலாளர் டெர்ரி எர்வினும் அந்தக் காட்டுக்கு வந்து வேலை செய்தவர்.

கொல்லிமலைக் குருவி

அக்கா, ரொம்ப நன்றி. வாத்தியார் ஐயாவுக்கும் நன்றி. ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. அங்கே இருபது வருடமாகப் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். என்னை மாதிரி ஒருவன் போய்ப் புதிதாக என்ன பார்த்துவிட முடியும்?

ஆற்றுமணல்

இதைத்தான் நீ கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

2013 ஜூனில் டிராய் அலெக்சாண்டர் என்ற மாணவர் நான் இருந்த அதே ஆய்வு மையத்தில் தன்னார்வலராக இருந்தார். கிளி வேலைக்காகக் கட்டியிருந்த நீலத் தார்ப்பாயின் அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நடுவில் நூலால் ஒரு சின்னக் கோபுரம், சுற்றிலும் வட்டமாக வேலி நட்ட மாதிரி நுண்ணிய கம்பங்கள், கம்பத்துக்குக் கம்பம் குறுக்கு இழை. எல்லாம் சேர்த்து இரண்டு சென்டிமீட்டர் அகலம்தான். பிறகு மரத்தண்டுகளிலும் அதே அமைப்பைப் பார்த்தார். பூச்சி அறிஞர்கள், சிலந்தி அறிஞர்கள், யாரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள். படத்தை இணையத்தில் போட்டார், உலகமே திரும்பிப் பார்த்தது. டிசம்பரில் பூச்சி ஆய்வாளர் ஃபில் டோரஸ் குழு அங்கே போய் ராப்பகலாகக் காவலிருந்து, கோபுரத்தின் அடியிலிருந்து குட்டிச் சிலந்தி வெளியே வருவதைப் பார்த்தது. சிலந்திகள் பொதுவாக ஒரே பையில் ஏராளமாக முட்டை வைக்கும். இது ஒரு முட்டைக்கு ஒரு கோட்டையே கட்டுகிறது!

அதே டோரஸ் 2012 செப்டம்பரில் பயணிகள் நடக்கிற பாதைக்குப் பக்கத்தில் இன்னொன்றைப் பார்த்தார். ஐந்து மில்லிமீட்டர் சிலந்தி, காய்ந்த இலைத் துணுக்கும் செத்த பூச்சியும் கொண்டு தன்னைவிடப் பல மடங்கு பெரிய பொம்மைச் சிலந்தியைக் காலோடு செய்து வலையில் தொங்கவிட்டிருந்தது. பக்கத்தில் போனால் வலையை உலுக்கிப் பொம்மையை ஆட்டுகிறது.

தார்ப்பாய்க்கு அடியில் எத்தனையோ பேர் போய்வந்திருப்பார்கள். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தங்கினால்தான் கண்ணுக்கு அந்தப் பழக்கம் வரும். லாட்ஜ் தருகிற பெரிய வாய்ப்பே இந்தத் தங்கல்தான் என்பேன்.

குஞ்சுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செம்பஞ்சவர்ணக்கிளி ஷிவாவாக்கோ மாதிரியான பெரிய மரப்பொந்தில் இரண்டிலிருந்து நான்கு முட்டை வைக்கும். திட்டத்தில் செய்து மாட்டிய மரப்பெட்டிகளிலும் பிவிசி குழாய்க் கூடுகளிலும் வைக்கும். முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை. மூத்ததுக்கும் கடைக்குட்டிக்கும் பல நாள் வித்தியாசம். தாய்தந்தை மூத்தவற்றுக்கே அதிகம் ஊட்டும். மூன்றாவதும் நான்காவதும் பட்டினியில் செத்துவிடும், காடு நிறையப் பழம் இருந்தாலும்.

நான் கயிற்றில் ஏறிய மூன்றாவது கூடு. தாய் மேல்கிளையில் உட்கார்ந்து காது கிழியக் கத்துகிறது. கையை உள்ளே விட்டுக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து, துணி விரித்த வாளியில் வைத்துக் கீழே இறக்கினேன். கீழே எடை பார்ப்பார்கள், இறக்கை அளப்பார்கள், தொண்டைப்பை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். மூத்ததுக்குப் பை உருண்டையாகப் புடைத்திருந்தது. கடைசிக்குஞ்சின் பை காலியாகச் சுருங்கித் தோலோடு ஒட்டியிருந்தது. இன்னும் கண் திறக்கவில்லை. என் கைச்சூட்டுக்கு வாயைப் பிளந்துகொண்டு தலையை ஆட்டியது. அதை என்னால் மறக்க முடியவில்லை.

திட்டத்தின் ஆய்வாளர் கேப்ரியேலா விகோ-த்ராவ்கோ அந்தப் பருவங்களில் செய்துகொண்டிருந்த ஆய்வே அதுதான். சாகப்போகிற குஞ்சுகளை எடுத்துத் தேற்றி, ஒற்றைக் குஞ்சு இருக்கிற வேறு கூட்டில் வைத்துப் பார்ப்பது. 2017க்கும் 2019க்கும் இடையில் 28 குஞ்சுகளை இப்படி மாற்றினார்கள். எல்லாவற்றையும் வளர்ப்புத் தாய்தந்தை ஏற்றுக்கொண்டன. நான் தூக்கிய வாளிகளும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கின்றன.

மட்டுநகர் வாசி

ஆற்றுமணல் அக்கா எழுதினதை வாசிச்சு முடிக்க நெஞ்சு கனத்துப்போச்சு. நான் மட்டக்களப்பு. ஒரே இடத்திலே இருந்து பார்க்கிற விசயத்துக்கு எங்கட பக்கத்திலேயும் ஒரு உதாரணம் இருக்கு. சிங்கராஜக் காட்டிலே கலப்புப் பறவைக் கூட்டங்களை 1981இல இருந்து பார்த்துக்கொண்டு வாறாங்கள். பல இனப் பறவைகள் ஒண்டாச் சேர்ந்து இரை தேடிற கூட்டம். நான் அங்க மாணவனாப் போனபோது பழைய குறிப்புகளைப் பார்த்துத்தான் பாதையையே பிடிச்சன்.

தம்பி, அமேசானிலேயும் கலப்புக் கூட்டங்கள் பிரபலம். அங்க போற எண்டால் அதை ஒரு கேள்வியா வைச்சிருங்கோ. உபகரணம் பெரிசா வேண்டாம், தொலைநோக்கியும் குறிப்புப் புத்தகமும் போதும்.

ஈப்போக்காரன்

நான் மலேசியா. சபாவில் டானும் பள்ளத்தாக்கில் இரண்டு முறை வேலை செய்திருக்கிறேன். அங்கே இரண்டும் தனித்தனி: கள நிலையம் 1986, பயணிகளுக்கான லாட்ஜ் 1994. ஒரே காடு. ஆகவே வாத்தியார் ஐயா சொல்கிற வேற்றுமை எனக்குப் பழக்கம்.

அனுமதி விஷயத்தில் யாரும் அவசரப்படாதீர்கள். சபாவில் வெளிநாட்டவர் என்றால் மாநில உயிர்ப்பன்மய மையத்தின் உரிமம் இல்லாமல் ஒரு இலையைக்கூட எடுக்க முடியாது. பெருவிலும் கடுமைதான் என்று கேள்வி. அக்கா உறுதிசெய்யுங்கள்.

ஆற்றுமணல்

ஆமாம். காப்பகத்துக்குள் என்றால் செர்னான்ப் என்ற பாதுகாப்புப் பகுதித் துறை. காப்பகத்துக்கு வெளியே உள்ள காடு என்றால் செர்ஃபோர் என்ற வனத்துறை. லாட்ஜ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் வரைபடத்தில் பார். தம்போபாத்தாவில் சில லாட்ஜ்கள் உள்ளே, சில வெளியே. வெளிநாட்டவர் சொந்த ஆய்வு என்றால் பெரு நாட்டு ஆய்வாளர் ஒருவர் கூட இருக்க வேண்டும். மரபணு வேலை என்றால் அதற்குத் தனி ஒப்பந்தம், மாதங்கள் ஓடும்.

ஏற்கெனவே அனுமதி வாங்கி நடக்கிற திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்தால் இந்தச் சுமை உன் தலையில் இல்லை, உன் பெயரை மட்டும் சேர்ப்பார்கள். முதல் தடவைக்கு அதுதான் வழி. கீழே விழுந்த இறகுதானே என்று பையில் போட்டுவிடாதே. செம்பஞ்சவர்ணக்கிளி சைட்டிஸ் என்ற, அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. ஒரு இறகுக்கும் ஏற்றுமதி அனுமதி வேண்டும்.

சொந்தக் கேள்வி வேண்டுமென்றால் எதையும் எடுக்காமல், தொடாமல் செய்கிறதாகப் பார். பொசாதா அமசோனாஸ் லாட்ஜுக்குப் பக்கத்தில் திரெஸ் சிம்பாதாஸ் என்ற குதிரைலாட ஏரி. ராட்சத நீர்நாய்க் குடும்பம் வாழ்கிற இடம். ஒவ்வொரு நீர்நாய்க்கும் தொண்டையில் வெள்ளைத் திட்டு வேறு வேறு வடிவம், நம் கைரேகை மாதிரி. தினமும் பயணிகள் எடுக்கிற படங்களைக் கேட்டு வாங்கினால் எது யார் என்று பிரித்துவிடலாம். இல்லையென்றால் மூங்கில். அங்கே முள்மூங்கில் காட்டில் மட்டுமே வாழ்கிற பறவைகள் பல இருக்கின்றன. மூங்கில் ஒரே சமயத்தில் பூத்துச் செத்துவிடும். அப்போது அந்தப் பறவைகள் எங்கே போகின்றன என்று பார்க்க நீண்ட நாள் தங்குகிற ஆள் வேண்டும்.

பொசாதா அமசோனாஸ் பற்றி இன்னொன்று: இன்ஃபியெர்னோ சமூகமும் ஒரு நிறுவனமும் 1996ல் 20 வருட ஒப்பந்தம் போட்டுக் கட்டியது, லாபத்தில் நூற்றுக்கு 60 பங்கு சமூகத்துக்கு என்று. எசே எஹா பழங்குடி மக்கள் அங்கே இருக்கிறார்கள். எனக்குப் பாதி காட்டைக் கற்றுக்கொடுத்தது அந்தப் படகோட்டிகள்தான். அவர்களிடம் பேச ஸ்பானிஷ் வேண்டும். இன்றைக்கே தொடங்கு.

தேன்மொழி டாக்டர்

இடையில் வருகிறேன். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை யாரும் சொல்லவில்லை. பெரு அந்தக் காய்ச்சல் உள்ள நாடு. அங்கிருந்து சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் செல்லும். மணல்ஈ கடியால் வருகிற லெய்ஷ்மேனியா புண்ணும் அந்தப் பகுதியில் உண்டு. ஆறாத புண் இருந்தால் ஊருக்கு வந்ததும் மருத்துவரிடம் எந்தக் காட்டில் இருந்தீர்கள் என்று மறக்காமல் சொல்லுங்கள், இங்கே பலருக்கு அது சட்டென்று தோன்றாது.

கருப்பட்டி

எனக்கு ஒரு ஆதங்கம். இந்த மாதிரி இடங்களுக்குக் கையிலிருந்து பணம் கட்டித்தான் போக வேண்டியிருக்கிறது. வேலையும் செய்து பணமும் கட்டுவதா? நான் வேறு ஒரு நாட்டில், பெயர் வேண்டாம், ஒரு லாட்ஜில் ஆய்வுப் பயிற்சி என்று பணம் கட்டிப் போனேன். ஆறு வாரத்தில் நான்கு வாரம் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறினேன். கேட்டால் ஆள் பற்றாக்குறை என்றார்கள். பணக்கார நாட்டுப் பிள்ளைகளுக்கு அது விடுமுறை. எனக்கு அப்பாவின் இரண்டு வருடச் சேமிப்பு. இப்படியே போனால் வசதி உள்ளவன் மட்டும்தான் இயற்கை ஆய்வாளன் ஆவான்.

ஆற்றுமணல்

கருப்பட்டி, உங்களுக்கு நடந்தது அநியாயம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் என் பங்குக்குச் சாப்பாட்டுச் செலவு கட்டினேன். விமானக் கட்டணத்துக்கு இரண்டு வருடம் டியூஷன் எடுத்துச் சேர்த்தேன். கட்ட முடியாதவர்கள் வெளியே நிற்கிறார்கள் என்பது உண்மைதான், அது மாற வேண்டும்.

தம்பி இதை வைத்துச் சலித்துப் பார். போகிற இடத்தின் பெயரில் போன ஐந்து வருடத்தில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள் உண்டா? அதில் உதவியாளர்கள் பெயர் நன்றியிலாவது வந்திருக்கிறதா? திட்டத்தலைவர் உன் மின்னஞ்சலுக்கு நேரில் பதில் போடுகிறாரா, இல்லை விற்பனைப் பிரிவா? முன்பு போன இருவருடைய தொடர்பைக் கேள். தரத் தயங்கினால் விட்டுவிடு.

பழைய வாத்தியார்

இதுதான் சரியான சோதனை. என் பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்: பெயரில் லாட்ஜா நிலையமா என்று பார்க்க வேண்டாம், தரவு தொடர்ந்து சேர்கிறதா என்று பாருங்கள்.

தங்கச் சுரங்கம் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பகுதியில் சட்டவிரோதமாகத் தங்கம் அலசுகிறவர்கள் பாதரசத்தை ஆற்றில் விடுகிறார்கள். அரசு 2019 பிப்ரவரியில் லா பாம்பா என்ற சுரங்கப் பகுதியில் பெரிய நடவடிக்கை எடுத்தது. அந்த மாதம்தான் இந்தப் பெண் திரும்பியிருக்கிறார்.

ஆற்றுமணல்

ஆமாம் ஐயா. மாலினோவ்ஸ்கி ஆறு வந்து சேர்கிற முனையில் காவல் சாவடியில் படகை நிறுத்திப் பெயர் பதிவோம். ஒரு பக்கம் தெளிந்த தண்ணீர், மறு பக்கம் காப்பி நிறக் கலங்கல், இரண்டும் கொஞ்ச தூரம் கலக்காமலே ஓடும். படகோட்டி ஒவ்வொரு தடவையும் அந்தக் கலங்கலைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கொல்லிமலைக் குருவி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஸ்பானிஷ் தொடங்கிவிட்டேன், தினம் ஒரு மணி நேரம். வாத்தியார் ஐயா சொன்னபடி இந்த மழைக்காலத்துக்கு வால்பாறைக்குக் கேட்டிருக்கிறேன். பெருவுக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்று முடிவு. அம்மாவுக்குக் கிளி மண் தின்கிற வீடியோவைக் காட்டினேன். "உப்புக்கா இவ்வளவு தூரம் வருது?" என்று கேட்டு இரண்டாவது தடவையும் போடச் சொன்னார்.

அக்கா, முக்கொம்புப் பக்கம் பனைமரங்களில் பச்சைக்கிளி அடைகிற இடம் ஒன்று கண்டுபிடித்தேன். தினம் சாயங்காலம் 5.30லிருந்து 6.45 வரை, நீங்கள் சொன்ன ஐந்து நிமிடக் கணக்கில் எழுதுகிறேன். இரண்டு சந்தேகம். மரத்துக்கு மேலே பறந்துபோய் அடையாமல் போகிறவற்றை எண்ணலாமா? செவ்வாய்க்கிழமை ஒரு கிளிகூட வரவில்லை, அந்தத் தாளை விட்டுவிடலாமா?

ஆற்றுமணல்

மேலே பறந்துபோவது தனிப் பத்தி, அடைகிறவற்றோடு சேர்க்காதே. எந்தத் திசைக்குப் போயின என்பதையும் எழுது. செவ்வாய்க்கிழமைத் தாளைக் கிழிக்காதே. ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் பூஜ்யம் போடு. காற்று, மழை, பக்கத்து வயலில் அறுவடை, பட்டாசு, ஏதாவது இருந்ததா என்று பக்கத்திலேயே குறித்துவை. தாளைப் படமெடுத்து ஞாயிற்றுக்கிழமை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.